ராசாவின் மச்சான் வாங்கிய பட்டம்

பதிவில் இருக்கிற முதல் கௌரவப் பட்டம் ஒரு மச்சானுக்குத்தான் போயிருக்கிறது. பகிடிக்குச் சொல்லவில்லை. 1478-79 வாக்கில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் லயனல் வுட்வில் என்ற பாதிரியாருக்கு ஒரு பட்டம் கொடுக்க முன்வந்தது. வழக்கமாக அதற்கு வருடக்கணக்கில் பாடம் கேட்க வேண்டும். சபை நடுவே நின்று இலத்தீனில் வாதாட வேண்டும். எதிரே நிற்பவனுடைய வாதத்தை உடைத்துக் காட்ட வேண்டும். வுட்வில் அதெல்லாம் செய்யத் தேவையில்லை, வந்து வாங்கினால் போதும் என்று பெரியவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். ஆளின் தகுதி என்ன? அவருடைய அக்கா எலிசபெத், அன்றைய அரசர் நான்காம் எட்வர்டின் பெண்சாதி.

கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஒரு கந்தோரில் ஒரு கையெழுத்து எடுக்க வேண்டுமென்றால், நாங்கள் முதலில் விசாரிப்பது அங்கே யாருடைய மச்சான் இருக்கிறான் என்பதைத்தான். ஒக்ஸ்போர்டும் அதைத்தான் விசாரித்தது. கண்டுபிடித்ததும் ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுப்பதற்குப் பதிலாக ஒரு பட்டத்தை வாங்கிக் கொடுத்தது. பிறகு 1479 இல் அவரையே வேந்தராகவும் ஆக்கிக்கொண்டது. 1482 இல் மச்சான் சோல்ஸ்பரி ஆயரானார். அடுத்த வருடம் அத்தான் செத்துப்போனார். மூன்றாம் ரிச்சர்ட் சிம்மாசனத்தில் ஏறினார். மச்சான் கலகக்காரரோடு சேர்ந்து, கலகம் பிசகி, கடல் தாண்டிப் பிரித்தானிக்கு ஓடி, 1484 இல் அங்கேயே முடிந்துபோனார். பட்டம் கொடுத்தவர்கள் அதற்குள் புது அரசருக்கு எந்தப் பக்கம் சொந்தம் என்று தேடத் தொடங்கியிருப்பார்கள்.

இந்தப் பழைய கதையை நான் ஏன் கிளறுகிறேன் என்றால், போன மாதம் ஜம்பட்டா வீதியில் நடந்துபோய்க்கொண்டிருந்தபோது எனக்கும் ஒரு போன் வந்தது. நல்ல குரல், நல்ல தமிழ். "ஐயாவின் சமூக சேவையைக் கவனித்து வருகிறோம். எங்கள் சர்வதேசப் பல்கலைக்கழகம் ஐயாவுக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கத் தீர்மானித்திருக்கிறது." என் சமூக சேவை என்பது, எங்கள் ஒழுங்கையில் தண்ணீர் நின்றால் மாநகரசபைக்கு முதல் ஆளாகப் போன் எடுப்பது. அதை இவ்வளவு தூரத்திலிருந்து ஒருவர் கவனித்திருக்கிறார் என்று நெஞ்சு கொஞ்சம் விரியத்தான் செய்தது. பிறகு பதிவுக் கட்டணம், அங்கி வாடகை, ஹோட்டலில் சாப்பாடு, படம் பிடிப்பவர் என்று கணக்கு வந்தது. கூட்டிப் பார்த்தால் என் வீட்டு மூன்று மாத வாடகை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உடனே மறுக்காததற்கு வெட்கப்பட வேண்டும்தான். பொன்னாடைக்கு நெஞ்சு விரியாத தமிழன் இனித்தான் பிறக்க வேண்டும்.

எங்களுக்கு இது ஒக்ஸ்போர்டிலிருந்து வந்த வியாதியும் அல்ல. சங்க காலத்து அரசர்கள் படைத்தலைவனுக்கு ஏனாதி என்றும், வணிகனுக்கு எட்டி என்றும், வேளாண் பெருமகனுக்குக் காவிதி என்றும் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். ஏனாதிக்கு மோதிரம் உண்டு. எட்டிக்கும் காவிதிக்கும் பொன்னாலே பூ உண்டு. பட்டம் என்றால் கையில் ஒரு சாமான் வர வேண்டும் என்ற தெளிவு அந்தக் காலத்து ஆட்களிடம் இருந்தது. ஏனாதி மோதிரத்தை ஒரு அவசரத்துக்குச் செட்டியார் தெருவில் அடகு வைக்கலாம். வுட்வில்லுக்குக் கொடுத்த இலத்தீன் தோற்பத்திரத்தைக் கொண்டுபோனால் கடைக்காரர் தராசையே எடுக்க மாட்டார்.

வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் பக்கத்துப் பட்டம் முதலியார். ஒரு காலத்தில் அது வேலையுள்ள உத்தியோகம். போகப் போக வாளும் பொத்தானும் வைத்த கோட்டுமாக மிஞ்சிய மரியாதை. அதிலும் ஒரு படி மேலே இருந்தது கேட் முதலியார், அதாவது தேசாதிபதியின் வாசல் முதலியார். வாசலில் நிற்கிறவனுக்குக் காவல்காரன் என்றுதான் நாங்கள் பெயர் வைத்திருந்தோம். தேசாதிபதியின் வாசல் என்றவுடன் அது பட்டமாகிவிட்டது. ஆனால் கொச்சிக்கடைச் சிவன் கோவிலைக் கட்டிய பொன்னம்பல முதலியாரை அப்படிப் பகிடி பண்ண மனம் வராது. ஆள் வாசலில் நின்றாரோ இல்லையோ, எங்களுக்கு ஒரு வாசலைக் கட்டிவைத்துவிட்டுப் போனார். அவருடைய பிள்ளைகளில் இருவர் இந்தக் கதைக்குத் தேவைப்படுவார்கள். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1906 இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தைத் தொடங்கி, எங்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார். கேட்டுக்கொண்டே இருந்தார். 1921 இல் லண்டன் பரீட்சைக்கு ஆள் தயாரிக்கிற ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியைக் கொடுத்தார்கள். 1924 இல் அவர் காலமானார். பல்கலைக்கழகம் 1942 இல் வந்தது. பேராதனையில் ஒரு மாணவர் விடுதிக்கு அவருடைய பெயரை வைத்தார்கள். பல்கலைக்கழகம் கேட்டவருக்குக் கட்டிலும் அலுமாரியும் கிடைத்தது.

தமையன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அப்பா கட்டிய கோவிலைக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். அதே 1921 இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியைத் தொடங்கினார். 1974 இல் அந்த வளவுக்குள்தான் யாழ்ப்பாண வளாகம் வந்து குந்தியது. அந்த வளாகத்துக்குக் கொஞ்சம் பொறுத்து வருவோம். அதற்கு முன்னர் சீமையில் இன்னும் சில பேரின் அங்கியைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மச்சானோடு தொடங்கிய வியாபாரம் அங்கே நன்றாகச் சூடு பிடித்திருந்தது. 1605 இல் முதலாம் ஜேம்ஸ் அரசர் ஒக்ஸ்போர்டுக்கு விஜயம் செய்தபோது, கூட வந்த பரிவாரத்தில் 43 பேருக்கு எம்.ஏ. கொடுத்தார்கள். கலியாண வீட்டில் பந்தியில் இருந்தவர்களுக்கெல்லாம் தேங்காயும் வெற்றிலையும் பையில் போட்டுக் கொடுக்கிற மாதிரி. அது வெறும் மரியாதைப் பட்டமல்ல, முழுப் பட்டம்தான் என்று பதிவேட்டில் அழுத்தி எழுதியும் வைத்தார்கள். அரசருடைய குதிரைக்காரன் ஒருவனாவது இடையில் நுழைந்து எம்.ஏ.யோடு வீடு போயிருப்பான் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. ஆதாரம் இல்லை, ஆசைதான்.

அதே ஒக்ஸ்போர்டில் 1728 இல் சாமுவேல் ஜோன்சன் என்ற ஏழைப் புத்தகக் கடைக்காரரின் மகன் படிக்க வந்தார். சப்பாத்து கிழிந்து கால்விரல் வெளியே தெரியும். யாரோ இரக்கப்பட்டு ஒரு புதுச் சோடியை அவருடைய கதவடியில் வைத்துவிட்டுப் போக, அவர் அதைத் தூக்கி எறிந்தார். காசில்லாமல் பட்டமில்லாமல் படிப்பை விட்டுப் போனார். பிறகு தனி ஆளாக ஒரு ஆங்கில அகராதியைத் தொகுத்தார். எழுதிக்கொடுக்க ஆறு பேரைத் துணைக்கு வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். 1755 ஏப்ரலில் அகராதி வெளிவரப் போகிறது. பெப்ரவரியில் ஒக்ஸ்போர்ட் ஓடோடி வந்து எம்.ஏ. கொடுத்தது. அகராதியின் முதல் பக்கத்தில் பெயருக்குப் பின்னால் எம்.ஏ. என்று அச்சேற வேண்டும் அல்லவா? இந்த இடத்தில் நிதானித்துப் பார்க்க வேண்டும். யாருடைய பெயரை யார் பயன்படுத்திக்கொண்டார்கள்? படிக்க வந்தபோது ஒரு சப்பாத்துக்கு வழி செய்யாத இடம், புத்தகம் அச்சேறும் நேரம் பார்த்து அதன் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. கலாநிதிப் பட்டம் அவருக்கு டப்ளினிலிருந்து 1765 இல் வந்தது. ஒக்ஸ்போர்ட் அதற்கு இன்னும் பத்து வருடம் எடுத்தது. உலகம் முழுக்க டொக்டர் ஜோன்சன் என்கிறது. ஆள் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டது குறைவு.

அத்திலாந்திக்கின் மற்றப் பக்கத்தில் மெழுகுதிரிக்காரரின் மகன் பெஞ்சமின் பிராங்க்ளின். பத்து வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்த்து வளர்ந்தவர். இடி மின்னலுக்குப் பட்டம் விட்டார் என்பது கதை. பட்டம் விட்டவருக்குப் பட்டம் கிடைத்தது என்று தமிழில் மட்டும்தான் சொல்ல முடியும். இந்த வசதியை விட்டுவிட எனக்கு மனமில்லை. 1753 இல் ஹார்வர்டும் யேலும் எம்.ஏ. கொடுத்தன. 1759 இல் ஸ்கொட்லாந்தின் சென்ட் அன்ட்ரூஸ் கலாநிதியாக்கியது. அன்று தொடக்கம் அவர் டொக்டர் பிராங்க்ளின். ஜோன்சன் கூச்சப்பட்ட இடத்தில் இவர் கூச்சப்படவில்லை.

கொடுக்கிறவனுக்கு வாங்குகிறவனின் பெயர் தேவைப்பட்டால் பட்டம் ஓடிவரும். தேவை முடிந்தால் அதே கால்களால் திரும்பி ஓடும். ஒக்ஸ்போர்டில் படித்த பிரதமர் என்றால் வழக்கமாகக் கிடைக்கிற கௌரவப் பட்டத்தை மார்கரட் தட்சருக்கு 1985 இல் மறுத்தார்கள். வாக்கெடுப்பில் எதிர்ப்பு 738, ஆதரவு 319. கல்விக்குக் காசை வெட்டிய அம்மாவுக்கு வாத்திமார் வெட்டிய வெட்டு அது. சிம்பாப்வேயின் முகாபேவுக்கு எடின்பரோ 1984 இல் கொடுத்தது, 2007 இல் திருப்பிப் பறித்தது. 1877 இல் கேம்பிரிட்ஜ் சார்ள்ஸ் டார்வினுக்குக் கொடுத்தபோது, மாணவர்கள் ஒரு குரங்குப் பொம்மைக்குப் பட்டதாரி உடுப்புப் போட்டு மண்டபத்தின் மேலே கயிற்றில் தொங்கவிட்டார்கள். இந்த எண்ணூறு வருடக் கல்விக்கூடத்தில் நல்ல பகிடி விட்டவர்கள் எப்போதும் மாணவர்கள்தான். ஆசிரியர்கள் பகிடி விடுவதற்கு 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் சவுத்ஹம்டன் கல்லூரி கெர்மிட் என்ற பொம்மைத் தவளைக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. தவளை வந்து உரையும் ஆற்றியது.

தாகூரிடம்தான் ஒக்ஸ்போர்ட் கொஞ்சம் திணறியது. 1940 ஆகஸ்டில் கவிக்கு உடம்பு முடியாததால் பல்கலைக்கழகமே சாந்திநிகேதனுக்கு மூட்டை கட்டிக்கொண்டு போனது. வழக்கப்படி இலத்தீனில் புகழுரை வாசித்தார்கள். கிழவர் எழும்பிச் சமஸ்கிருதத்தில் பதில் சொன்னார். எனக்கு விளங்காத மொழியில் நீங்கள் என்னைப் புகழ்ந்தால், உங்களுக்கு விளங்காத மொழியில் நான் நன்றி சொல்வேன். கணக்குச் சரி.

தமிழ்நாட்டுக்கு வந்தால் கதை வேறு. கொட்டாஞ்சேனைச் செல்லமஹாலில் விசில் அடித்துப் படம் பார்த்த எங்கள் தலைமுறைக்கு எம்.ஜி.ஆர் என்றால் வாத்தியார். எங்கள் மலைநாட்டில் 1917 இல் பிறந்து, அக்கரையில் வாத்தியாராகி, முதலமைச்சராகி, 1983 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தால் கௌரவ டாக்டர் ஆனார். அது அங்கே முடியவில்லை. அவருடைய பெயரில், டாக்டர் என்ற முன்னொட்டோடு, ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம் வந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஐந்து வருடம் பிணம் அறுத்து, கண் விழித்துப் படித்த டாக்டர்மாரில் பலர், ஊசி பிடிக்காத டாக்டர் பெயர் போட்ட பத்திரத்தைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். அவருடைய பெயரிலேயே இயங்கும் இன்னொரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் 2007 இல் நடிகர் விஜய்க்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. பால்மரம் மாதிரி, வெட்டிய இடத்திலிருந்து இன்னொன்று துளிர்க்கிறது. அதற்கெல்லாம் முன்னே, 1971 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மு. கருணாநிதிக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தபோது மாணவர்கள் எதிர்த்தார்கள். உதயகுமார் என்ற மாணவர் உயிரிழந்தார். அந்த இடத்தில் எனக்குப் பகிடி வரவில்லை.

நாங்கள் இங்கே டாக்டர் என்று சொல்வதில்லை. டொக்டர் என்றால் மருந்துத் துண்டு எழுதுகிறவர். படித்து வாங்கியவர் கலாநிதி. கொடுத்து வாங்கியவர் கௌரவ கலாநிதி. ஆனால் கௌரவ என்ற சொல்லை நாடாளுமன்ற உறுப்பினர்களும் பெயருக்கு முன்னே போட்டுக்கொள்வதால், மேடையில் "கௌரவ கலாநிதி" என்று கூப்பிட்டால் வருகிறவர் படித்த எம்.பி.யா, பட்டம் வாங்கிய வர்த்தகரா என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளைக்குக் கலாநிதி என்றே பெயர் வைத்துவிடுகிற பெற்றோர்தான் என் கணக்கில் புத்திசாலிகள். ஒரு பிறப்புச் சான்றிதழோடு வேலை முடிந்தது.

முறைப்படி இலங்கையில் இது எப்படி நடக்க வேண்டும் என்றால்: யாராவது ஒருவர் ஒரு பெயரை முன்மொழிய வேண்டும். அந்த ஆளின் வாழ்க்கைக் குறிப்பு வர வேண்டும். பேராசிரியர்கள் இருக்கிற மூதவை அதை அலச வேண்டும். பிறகு பேரவை அங்கீகரிக்க வேண்டும். 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்துக்குக் கீழே இதெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. கடைசியில் பட்டமளிப்பு விழாவில் ஒருவர் எழும்பிப் புகழுரை வாசிக்க, வேந்தர் பட்டத்தைக் கொடுப்பார். வேந்தரை நியமிப்பவர் ஜனாதிபதி. வேந்தர், துணைவேந்தர், மூதவை, பேரவை என்று சொற்களைப் பார்த்தால், சங்க காலத்துப் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி உள்ளே இருக்கிறார் என்றே தோன்றும். எல்லாம் முடியும் வரை பெயர் இரகசியமாக இருக்க வேண்டும் என்பதும் மரபு. யாழ்ப்பாணத்தில் இரகசியம் என்றால் பரமேஸ்வராச் சந்தித் தேத்தண்ணிக் கடை வரைக்கும்.

இரண்டு சிக்கல் இதில் எப்போதும் உண்டு. ஒன்று, தகுதியான ஆள் இருக்கும்போது யாருக்கும் நினைவு வராது. பொல்லுப் பிடித்து மேடை ஏறுகிற வயதில்தான் வரும். மற்றது, ஒரு பீடம் ஒரு பெயரைச் சொன்னால் அடுத்த பீடம் பதிலுக்கு ஒரு பெயரைச் சொல்லும். ஒருவருக்கும் ஆட்சேபனை இல்லாத மனிதர் கடைசியில் வெல்லுவார். ஆட்சேபனையே வராதபடி ஒரு வாழ்க்கையை வாழ்ந்தவர் என்ன செய்திருப்பார் என்று கேட்கக் கூடாது.

சில வேளை சரியாகவும் நடக்கும். 1978 இல் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளைக்கு இலக்கிய கலாநிதிப் பட்டம் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு எண்பதை எட்டும் வயது. நல்ல காரியம். ஆனால் இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் யாராவது கலாநிதி கணபதிப்பிள்ளை என்று சொன்னால் கேட்பவர் எந்தக் கணபதிப்பிள்ளை என்பார். பண்டிதமணி என்றால் கையைக் கட்டிக்கொள்வார். ஆறுமுக நாவலருக்கு 1849 இல் நாவலர் பட்டம் கொடுத்தது திருவாவடுதுறை ஆதீனம். மூதவையும் இல்லை, புகழுரையும் இல்லை. அந்தப் பட்டம் அவருடைய பெயரைத் தின்றுவிட்டது. எங்களுக்கு நாவலர் என்றால் அவர் ஒருவர்தான்.

இப்போது ஸ்ரீ கதிரேசன் வீதிக்கு வருவோம். கொழும்பு 13, என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த 'மல்லிகை' என்ற சஞ்சிகை இந்த வீதியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஆசிரியர் டொமினிக் ஜீவா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் புத்தகக் கட்டு. சந்தா முடிந்தவர்கள் தூரத்தில் அந்த வெள்ளையைக் கண்டால் வேறு ஒழுங்கையால் போய்விடுவார்கள். நானும் ஒருமுறை போயிருக்கிறேன்.

1927 இல் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. முடித்துவைத்தது ஒரு வாத்தியாரின் வாய்; போய்ச் சிரைக்கிற வேலையைப் பார் என்ற கருத்தில் வகுப்பில் வைத்துச் சொன்னார். பிள்ளை அப்படியே செய்தது. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூனில் கத்தரியைப் பிடித்தது. கத்தரி வைக்கிற இடைவெளியில் புத்தகத்தையும் பிடித்தது. தமிழ்நாட்டுப் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் மேலிருந்த மதிப்பில் டொமினிக் என்ற பெயரோடு ஜீவாவைச் சேர்த்துக்கொண்டார். தனக்குத் தானே கொடுத்த அந்த ஒரு பட்டத்தைத்தான் கடைசி வரை விடாமல் வைத்திருந்தார். 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதிக்கு அறுபதுகளின் தொடக்கத்திலேயே சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966 ஆகஸ்டில் அதே சலூனிலிருந்து மல்லிகையைத் தொடங்கினார். 2012 வரை, ஏறத்தாழ நானூறு இதழ்கள். பேராசிரியர் க. கைலாசபதி போன்ற பெரிய படிப்பாளிகள் அவருக்கு நண்பர்கள். 1974 இல் பரமேஸ்வரா வளவில் யாழ்ப்பாண வளாகம் திறந்தபோது முதல் தலைவர் அந்தக் கைலாசபதிதான். ஒரே ஊருக்குள் இரண்டு கல்விக்கூடம். ஒன்றுக்கு அரசாங்கம் காசு கொடுத்தது. மற்றதற்குத் தலைமயிர்.

பல்கலைக்கழகமாகிவிட்ட அந்த யாழ்ப்பாண வளாகம் பின்னாளில் ஜீவாவுக்கு ஒரு கௌரவப் பட்டம் கொடுக்க முன்வந்தது. கலாநிதி அல்ல, முதுமாணி. கௌரவ எம்.ஏ. அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

இந்த இடத்தை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். மல்லிகையை ஆய்வு செய்து பட்டம் எடுத்த மாணவர்கள் உண்டு. அவர்கள் எழுதிய பொருளுக்கே, எழுதியவர்களுக்குக் கொடுக்கிற பட்டத்தைக் கொடுப்பது எப்படி இருக்கிறதென்றால், பரீட்சை வினாத்தாளுக்கு ஐம்பது புள்ளி போட்டு, பாஸ் என்று எழுதிவைத்த மாதிரி. மூதவையில் அந்தக் கூட்டம் எப்படி நடந்திருக்கும் என்று எனக்கு நானே ஒரு நாடகம் போட்டுப் பார்ப்பேன். கொடுக்கத்தான் வேண்டும் என்கிறார் ஒருவர். ஐந்தாம் வகுப்பு அல்லவா என்கிறார் இன்னொருவர். ஐந்திலிருந்து நேரே கலாநிதிக்குப் பாய்ந்தால் படிமுறை என்ன ஆவது என்கிறார் மூன்றாமவர். சரி, பாதியில் நிறுத்துவோம் என்று முடிகிறது. இது முழுக்க என் கற்பனை. ஆனால் கமிட்டியில் இருந்த எவரும் இதை வாசித்து ஆச்சரியப்பட மாட்டார்.

ஜோன்சன் கதவடிச் சப்பாத்தை எறிந்தார், எம்.ஏ.யை எடுத்துக்கொண்டார். பிராங்க்ளின் கொடுத்ததையெல்லாம் எடுத்தார். எங்கள் ஆள், அளவு காணாத சப்பாத்தாக எம்.ஏ.யைக் கண்டு திருப்பி அனுப்பினார். அங்கியின் அளவு பிழைத்தால் தையல்காரரிடம்தானே திருப்பிக் கொடுக்க வேண்டும்? 2001 இல் நாடாளுமன்றத்தில் மல்லிகையைப் பாராட்டிப் பேசி ஹன்சாட்டிலும் ஏற்றினார்கள். அதற்கு எம்.ஏ. தேவைப்படவில்லை.

இன்னொன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஜீவாவே ஒரு பட்டமளிப்பு நடத்திக்கொண்டிருந்தார், அதுவும் மாதாமாதம். மல்லிகையின் அட்டையில் ஓர் எழுத்தாளரின், ஒரு கலைஞரின், ஒரு படிப்பாளியின் படம் வரும். உள்ளே அவரைப் பற்றி இன்னொருவர் எழுதிய கட்டுரை இருக்கும். அதுதான் புகழுரை, தமிழிலேயே இருக்கும். நாட்டுக்கூத்துக்காரரும் வந்தார், பேராசிரியரும் வந்தார். அந்தக் கட்டுரைகளைத் திரட்டி 'மல்லிகை முகங்கள்', 'அட்டைப்படங்கள்' என்று புத்தகங்களும் போட்டார். பதிவுக் கட்டணம் கிடையாது. அங்கி வாடகை கிடையாது. ஆள் உயிரோடு இருக்கும்போது, பொல்லுப் பிடிக்க முந்தியே கொடுத்துவிடுவார். மூதவையும் பேரவையும் வேந்தரும் அவர் ஒருவரே. அதனால் இரகசியமும் வெளியே போகவில்லை. ஒரே ஒரு செலவுதான்: அட்டையில் வந்தவர் அந்த இதழில் பத்துப் பிரதியாவது வாங்கிச் சொந்தக்காரருக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. அதையும் ஜீவா கணக்குப் பண்ணித்தான் அச்சடித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

2021 ஜனவரியில் அவர் காலமானார். பத்திரிகைகள் எல்லாம் மல்லிகை ஜீவா என்றே எழுதின. முன்னாலும் பின்னாலும் ஒரு எழுத்தும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

போன ஞாயிறு சலூனில் இருந்தேன். முகம் முழுக்க நுரை. போன் அடித்தது. கை எட்டவில்லை. தம்பி கத்தியை ஒரு கையில் பிடித்தபடி மற்றக் கையால் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். அதே நல்ல குரல்.

"ஐயா, யோசித்தீங்களா? கலாநிதி கொஞ்சம் கூடவென்றால், ஐயாவுக்காகக் கௌரவ முதுமாணி ஒன்று செய்து தரலாம். பாதி விலை."

தம்பி என்னைப் பார்த்தான். நான் வாய் திறந்தால் நுரை உள்ளே போகும் என்று பேசாமல் இருந்தேன்.

"ஐயா இப்ப பேச மாட்டாருங்க," என்றான் அவன் போனுக்கு. "சேவ் எடுத்துக்கிட்டு இருக்கார்."